ஒரு அங்குல பைலட்டும் 94 கிலோ வம்பும்!

ஆபீஸில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். டிபன் பாக்ஸைத் திறந்தபடி, "இந்த ரெண்டு நாள் லீவுல ஹெலிகாப்டரை முடிச்சுடணும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பக்கத்து சீட் நண்பர் தயிர் சாதத்தில் கை வைத்தவர் அப்படியே நிறுத்தி, "லோன் சாங்ஷன் ஆயிடுச்சா?" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஹெலிகாப்டர் என்றால் நமக்கெல்லாம் தேர்தல் சமயத்தில் மைதானத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு இறங்குவதுதான். என்னுடையது அப்படியில்லை. நீளம் 14 சென்டிமீட்டர். மேல் விசிறியைக் கழற்றிவிட்டால் பள்ளிக்கூடப் பையனின் பென்சில் பாக்ஸில் படுத்துக்கொள்ளும். பெட்ரோல் செலவில்லை, பார்க்கிங் தொல்லையில்லை. வீட்டம்மாவின் முறைப்பு மட்டும் உண்டு.

பிளாஸ்டிக் மாடல் கிட் என்று ஒரு சமாசாரம். அட்டைப் பெட்டிக்குள் சின்னச் சின்ன பாகங்கள், ஜன்னல் கம்பி மாதிரி ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி, முனை தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்தால் விமானமோ, டாங்கியோ, கப்பலோ வரும். இதில் 1/72 என்று ஓர் அளவு ரொம்பப் பிரபலம். நிஜத்தில் 72 அங்குலம் இருப்பது இங்கே ஒரு அங்குலம். அதாவது ஆறடி மனிதன் ஒரு அங்குல மனிதன் ஆகிவிடுவான். இரண்டாம் உலகப் போரில், வருகிற விமானம் நம்முடையதா, எதிரியுடையதா என்று பார்த்தவுடன் சொல்லப் பழக்குவதற்கு இந்த அளவில் மாடல்கள் செய்து வைத்துக்கொண்டு பயிற்சி கொடுத்தார்கள். போர் முடிந்தது. அளவு மட்டும் பொழுதுபோக்குக்கு வந்து சேர்ந்தது.

இல்லாத நாட்டுக்கு ஒரு விமானப்படை

மாடல் செய்கிறவர்களில் இரண்டு ஜாதி. முதல் ஜாதி, நிஜத்தை எண்ணி எண்ணிச் செய்கிறவர்கள். 'கதவுப் பக்கம் ஆணி ஏழுதான், நீ எட்டு போட்டிருக்கே' என்று சண்டைக்கு வருவார்கள். இரண்டாவது ஜாதி, 'ஒருவேளை இப்படி இருந்திருந்தால்?' என்று கேட்கிறவர்கள். இங்கிலீஷில் 'வாட் இஃப்' மாடல். போருக்கே போகாத ஹெலிகாப்டருக்கு ஆயுதம் மாட்டுவார்கள். இல்லாத நாட்டின் கொடியை ஒட்டுவார்கள். 'ஏன்யா இப்படி?' என்று கேட்டால் நாலு பக்கத்துக்குக் கதை சொல்வார்கள்.

சினிமாக்காரர்கள் இதை நிஜ சைஸிலேயே செய்திருக்கிறார்கள். 1983ல் வந்த 'ப்ளூ தண்டர்' படத்து ஹெலிகாப்டர் எந்த ராணுவத்திலும் இருந்ததில்லை. பிரெஞ்சு கஸெல் ஹெலிகாப்டருக்குப் புது மூக்கு, துப்பாக்கி, தட்டையான கண்ணாடி எல்லாம் மாட்டி உருவாக்கியது. மேக்கப் போட்டதில் எடை ஏறிவிட்டது. கிளைமாக்ஸில் வானத்தில் ஒரு குட்டிக்கரணம் போடுமே... அதைப் போட்டது ரிமோட்டில் பறந்த ஒரு மாடல்! 1988ல் வந்த 'ராம்போ 3'ல் சோவியத் ஹெலிகாப்டராக மிரட்டுவதும் வேஷம் போட்ட பிரெஞ்சு பூமாதான்.

1984ல் தொடங்கிய 'ஏர்வுல்ஃப்' டி.வி. தொடரின் கதாநாயகனே ஒரு ஹெலிகாப்டர்தான். ஒலியைவிட வேகம், ஏவுகணை, பீரங்கி... என்னென்னவோ செய்யும். நிஜத்தில் அது பெல் 222 என்ற சாதுவான சிவிலியன் ஹெலிகாப்டர். தொடர் முடிந்ததும் பொய் ஆயுதங்களைக் கழற்றினார்கள். அது ஜெர்மனிக்குப் போய் ஆம்புலன்ஸ் ஆனது. 1992ல் இடி மழையில் சிக்கி விழுந்தது. உள்ளே இருந்த மூன்று பேரும் இறந்துபோனார்கள்.

இந்த விஷயத்தை ரொம்ப நாள் முன்னால் படித்தேன். படித்துவிட்டு மறந்தும் போனேன். அது திரும்ப ஞாபகத்துக்கு வந்த கதைதான் இது.

வானம்பாடி குதிரையான கதை

நான் எடுத்துக்கொண்டது அலூவெட் 3. பிரெஞ்சில் 'அலூவெட்' என்றால் வானம்பாடி. 1959ல் முதல் தடவை பறந்தது. நம் பெங்களூர் ஹெச்.ஏ.எல். 1962ல் ஒப்பந்தம் போட்டு, இங்கேயே தயாரிக்க ஆரம்பித்து, ராணா பிரதாப்பின் குதிரைப் பெயரை வைத்தது: சேத்தக். முந்நூறுக்கும் மேல் செய்திருக்கிறார்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, மீன் தொட்டி மாதிரி. பின்பக்கம் நீட்டமான வால். பார்த்தால் பெரிய தும்பி.

அதன் பூர்வீகப் பெருமை மலை ஏறுவது. 1960ல் இமயமலையில் 6,004 மீட்டர் உயரத்தில் இறங்கி, திரும்பவும் கிளம்பிக் காட்டியது. இதைப் படித்ததும் என் மண்டையில் பல்பு எரிந்தது. மலைநாடு ஒன்றை உருவாக்கினேன். பெயர் குறிஞ்சிக் குடியரசு. தேசிய மலர் சொல்லவே வேண்டாம். தேர்தல் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. விமானப்படைச் சின்னம், வெள்ளை வட்டத்துக்குள் நீலப் பூ. அந்தப் படைக்கு ஒரு தாக்குதல் ஹெலிகாப்டர் வேண்டும். வேண்டுமென்றால் வேண்டும்தான். நான்தானே பாதுகாப்பு மந்திரி!

ஆயுதக் கொள்முதல் வீட்டுக்குள்ளேயே நடந்தது. ஊதுவத்திக் குச்சியைச் சீவி நாலு ஏவுகணை. தீர்ந்துபோன பால்பென் ரீஃபிலில் இரண்டு ராக்கெட் குழல். இஞ்செக்ஷன் ஊசியைத் தேய்த்து மூக்குக்கு அடியில் ஒரு பீரங்கி. சட்டத்தில் மிச்சமிருந்த பிளாஸ்டிக்கை மெழுகுவத்தியில் காட்டி இழுத்தால் தலைமுடி மாதிரி நீளும், அது ஏரியல். புருவம் சீர் செய்யும் இடுக்கி ஒன்று வீட்டிலிருந்து காணாமல் போய், என் மேஜையில் கிடைத்தது. அதற்கு மேல் அந்தச் சம்பவத்தை விவரிக்க விரும்பவில்லை.

விபத்துகளும் நடந்தன. முதல் நாளே, கையில் ஒட்டிய பெயின்ட்டைத் துடைக்க நெயில் பாலிஷ் ரிமூவர் எடுத்தேன். ஒரு சொட்டு வால் பகுதியில் விழுந்தது. வால், வெயிலில் வைத்த சாக்லேட் ஆகிவிட்டது. அதிலிருக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைக்கும் என்று அன்றைக்குத்தான் தெரியும். டிங்கரிங் பட்டறையில் செய்கிற மாதிரி பட்டி வைத்து, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மூன்று ராத்திரி போயிற்று.

இரண்டாவது விபத்து இன்னும் மோசம். முன் கண்ணாடியை அவசரத்துக்கு, நொடியில் ஒட்டுகிற பசை வைத்து ஒட்டினேன். காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புகை. பைலட்டுக்கு இரண்டு கண்ணிலும் புரை! அந்தப் பசை காயும்போது கிளம்பும் ஆவி, கண்ணாடி மேல் படிந்து வெளுத்துவிடும். பெயர்த்தெடுத்து, நைஸ் எமரி தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, டூத் பேஸ்ட்டால் பாலிஷ் போட்டு, இந்தத் தடவை பிள்ளைகள் வைத்திருக்கிற வெள்ளைப் பசையால் ஒட்டினேன். அது காய்ந்தால் நிறமே தெரியாது.

மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. பச்சையும் சாம்பலும் கலந்த உடம்பு, நீலப் பூச் சின்னம், முறைத்துக்கொண்டிருக்கும் ஆயுதங்கள். டி.வி. மேல் வைத்தால் விழுந்துவிடும் என்று ஷோகேஸில் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். பெருமை தாங்கவில்லை.

மாடி வீட்டுக்காரர் போட்ட கணக்கு

அந்த ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் சந்தாவுக்கு வந்தார் மாடி வீட்டுப் பெரியவர். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ரிட்டையர் ஆனவர். சேத்தக்கில் பதினோரு வருஷம் கை வைத்தவர் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. ரசீது எழுதப் போனவர், ஷோகேஸைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"சேத்தக் மாதிரி இருக்கு... ஆனா சேத்தக் இல்லே."

"கற்பனை வெர்ஷன் சார். குறிஞ்சிக் குடியரசு விமானப்படை."

"ஓஹோ! எந்த நாடா இருந்தா என்ன தம்பி, விசிறியைத் தலைகீழா ஒட்டியிருக்கியே."

விசிறி இறக்கையின் தடித்த விளிம்புதான் காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னால் போக வேண்டும். பிரெஞ்சு ஹெலிகாப்டர் விசிறி, மேலேயிருந்து பார்த்தால் கடிகார முள் போகிற திசையில் சுற்றும். அமெரிக்கத் தயாரிப்புகள் நேர் எதிர். நான் ஓர் அமெரிக்கப் படத்தைப் பார்த்து ஒட்டியிருந்தேன்.

"அது போகட்டும், மாத்திடலாம்" என்றவர், "மொத்தம் என்ன எடை ஏத்தியிருக்கே?" என்றார்.

"எடையா? பொம்மை சார் இது!"

"பொம்மைன்னா ரோஸ் கலர் அடிச்சுக் குழந்தைகிட்டே குடுத்துடு. இது நிஜம் மாதிரின்னு சொல்றே இல்லே? அப்ப எடையும் நிஜம்தான்."

கரன்ட் பில்லைத் திருப்பி, அதன் முதுகில் எழுத ஆரம்பித்தார். அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன்.

சேத்தக் தரையிலிருந்து கிளம்பும்போது அதிகபட்சம் இருக்கக்கூடிய எடை 2,200 கிலோ. வெறும் கூடு சுமார் 1,150. மிச்சம் 1,050. டாங்க் நிறைய எரிபொருள், 575 லிட்டர், ஏறக்குறைய 460 கிலோ. மிச்சம் 590. முன்னால் இரண்டு பேர், 160 கிலோ. மிச்சம் 430. என் ஆயுத ஆசைக்கெல்லாம் அவ்வளவுதான் பட்ஜெட்.

இனி செலவு. நான் மாட்டியிருந்த ஏவுகணை, பிரெஞ்சு ஏ.எஸ். 12 சாயலில் செய்தது. நிஜத்தில் ஒன்று 76 கிலோ. நாலுக்கு 304. ராக்கெட் குழல் இரண்டும் சேர்ந்து 120 என்று வைத்தார். பீரங்கியும் குண்டுகளும் 100. ஆக மொத்தம் 524.

"94 கிலோ ஜாஸ்தி" என்றார், பேனாவை மூடியபடி. "இதையெல்லாம் மாட்டற இரும்புச் சட்டத்தை நான் கணக்கிலேயே எடுக்கலே. உன் நாடு மலைநாடு வேறே. மேலே போகப் போகக் காத்து லேசாகும், தூக்கற சக்தி குறையும். இமயமலையில இறங்கினதே, அப்ப அதுல எவ்வளவு இருந்தது தெரியுமா? ரெண்டு ஆளும் 250 கிலோவும்தான். தம்பி, ரொம்ப அழகா செஞ்சிருக்கே. ஆனா இது எழும்பாது."

மாசக் கடைசியில் பட்ஜெட் போடுகிற எவனுக்கும் இது புரியும். சம்பளம் 430. ஆசை 524.

"பாதி பெட்ரோல் போட்டுக்கறேன் சார்" என்று பேரம் பேசினேன்.

"போட்டுக்கோ. 230 கிலோ மிச்சமாகும். பாதி தூரத்துல இறங்கி நடந்து வரச் சொல்லு."

பிறகு அவர் ஹெலிகாப்டரைக் கையில் எடுத்து, கண்ணாடிக்குள் பார்த்தார். உள்ளே இரண்டு பைலட்டுகள், நின்றால் ஒரு அங்குலம் இருக்கிறவர்கள், நான் குத்தூசியால் முகத்துக்குப் பெயின்ட் வைத்தவர்கள், உட்கார்ந்திருந்தார்கள்.

"சுடறதுக்கு ஏழு சாமான் வெச்சிருக்கே. கீழேயிருந்து ஒருத்தன் திருப்பிச் சுட்டா, இவங்க ரெண்டு பேருக்கு என்ன வெச்சிருக்கே?"

நான் ஒன்றும் வைத்திருக்கவில்லை. சுற்றிலும் கண்ணாடி. காலுக்கடியில் மெல்லிய தகடு. மூன்று வாரத்தில் ஒரு ராத்திரிகூட அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

நிஜமாகவே நடந்த 'வாட் இஃப்'

"இதை நிஜமாவே செஞ்சிருக்காங்க தெரியுமா?" என்று அவர் சொன்ன கதை, 1971ஆம் வருஷத்துக் கதை. பிறகு தேடிப் படித்தேன். எந்த மாடல்காரன் கற்பனையையும் தோற்கடிக்கிற கதை.

1971 செப்டம்பர் 28. நாகாலாந்தில் திமாப்பூர். வங்கதேசத்துக்கு என்று ஒரு விமானப்படை அங்கே பிறந்தது. 'கிலோ ஃப்ளைட்' என்று பெயர். இந்தியா கொடுத்த மூன்றே மூன்று வாகனங்கள்: ஒரு டகோட்டா, ஒரு ஆட்டர், ஒரு அலூவெட் 3. மூன்றும் சாமான் சுமக்கவும் ஆள் ஏற்றவும் செய்தவை. சண்டைக்குச் செய்தவை அல்ல. அலூவெட்டின் இரண்டு பக்கமும் ராக்கெட் குழல் மாட்டினார்கள். இயந்திரத் துப்பாக்கி வைத்தார்கள். தரையில் ஒரு அங்குலக் கனத்துக்கு இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள்.

டிசம்பர் 3ஆம் தேதி இரவு அது நாராயண்கஞ்சுக்குப் பறந்து போய், கோத்நயில் எண்ணெய்க் கிடங்கைத் தாக்கியது. அதில் போனவர்களில் ஒருவரான சுல்தான் மஹ்மூத், பிற்காலத்தில் வங்கதேச விமானப்படைக்கே தளபதி ஆனார். அவர்கள் பறந்த அந்த இரவில், எந்த நாட்டுக்காகப் பறந்தார்களோ அந்த நாட்டை இந்தியாகூட இன்னும் முறைப்படி அங்கீகரிக்கவில்லை. அது டிசம்பர் 6ல்தான் நடந்தது.

யோசித்துப் பாருங்கள். மேப்பில் இன்னும் ஏறாத நாடு. போருக்குச் செய்யாத ஹெலிகாப்டர். பிறகு மாட்டிய ஆயுதம். என் குறிஞ்சிக் குடியரசு இதற்கு முன்னால் எம்மாத்திரம்?

ஆனால் பெரியவர் விரல் வைத்துக் காட்டியது ராக்கெட்டை அல்ல, அந்த இரும்புத் தகட்டை. ஒரு அங்குலக் கன இரும்பு, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ. தூக்குவதற்கே திணறுகிற வண்டியில், ஒவ்வொரு கிலோவுக்கும் ராக்கெட் ஏற்றலாமே என்று நினைக்கிற நேரத்தில், அந்த எடையை உட்காருகிறவன் காலுக்கடியில் செலவு செய்தார்கள். ஏனென்றால் அந்தப் பொம்மைக்குள் அவர்களே உட்காரப் போகிறார்கள்.

அப்போதுதான் அந்த ஏர்வுல்ஃப் ஞாபகத்துக்கு வந்தது. ஒட்டிய ஆயுதமெல்லாம் கழன்ற பிறகும் அதற்குள் மிஞ்சியது என்ன? ஆட்கள்தான்.

திருத்திய பட்ஜெட்

அன்றைக்கு ராத்திரியே பிளேடை எடுத்துவிட்டேன். ஏவுகணை நாலும் போயின. ராக்கெட் குழல் போயிற்று. மூக்குக்கடியில் இருந்த பீரங்கியைப் பெயர்த்து, இடது பக்கக் கதவில் வைத்தேன். இதற்கு முன்னுதாரணம் உண்டு. அங்கோலாவில் போர்ச்சுகல் விமானப்படை, அலூவெட் 3ன் இடது கதவில் 20 மி.மீ. பீரங்கி வைத்துப் பறந்தது. கதவில் வைத்தால் அதைச் சுட ஓர் ஆள் வேண்டுமே! இன்னொரு கிட்டில் மிஞ்சியிருந்த சிப்பாயின் காலை மடக்கி உட்கார வைத்தேன். கனம் 80 கிலோ.

பைலட்டுகளுக்கு அடியிலும் முதுகுக்குப் பின்னாலும் அரை அங்குலக் கவசம், ஒரு சதுர மீட்டர், 100 கிலோ. 1/72ல் அரை அங்குலம் எவ்வளவு தெரியுமா? 0.18 மி.மீ. ஜெராக்ஸ் பேப்பர் இரண்டை ஒன்றாக ஒட்டினால் சரியாக வந்துவிடுகிறது. ஆபீஸ் பேப்பர்தான். நாட்டின் பாதுகாப்புக்காக என்பதால் மனசாட்சி உறுத்தவில்லை.

கூட்டிப் பார்த்தேன். பீரங்கி 100, ஆள் 80, கவசம் 100, இரும்புச் சட்டத்துக்கு 40. மொத்தம் 320. பட்ஜெட் 430. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் கையிருப்பு மிஞ்சியது: 110 கிலோ!

அதை என்ன செய்வது என்று பெரியவரிடமே கேட்டேன். "இன்னொரு ராக்கெட் போடலாமா சார்?"

"சேத்தக்ல பின்னாடி ஸ்ட்ரெச்சர் போட இடம் உண்டு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு பல்குத்தும் குச்சி, நடுவில் பாண்டேஜ் துணி. ஸ்ட்ரெச்சர் தயார். போகும்போது காலி, வரும்போது ஒரு ஆள். கணக்கு சரியாக இருக்கிறது. மலையில் ஏறும்போது எரிபொருளைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லி குறிஞ்சி விமானப்படைக்கு உத்தரவு போட்டிருக்கிறேன்.

நீங்களும் செய்து பார்க்கலாமே!

* பெரிய கிட்டில் ஆரம்பிக்காதீர்கள். 1/72ல் பாகம் குறைவாக உள்ள ஒன்றே போதும். அலூவெட் 3ஐ ஹெல்லர் என்ற பிரெஞ்சுக் கம்பெனி இந்த அளவில் தயாரித்திருக்கிறது.

* பாகங்களைக் கையால் பிய்க்காதீர்கள். நகவெட்டியால் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைத் தேய்த்து எடுங்கள்.

* ஒட்டுவதற்கு முன் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

* உடம்புக்கு பிளாஸ்டிக் சிமென்ட். கண்ணாடிக்கு வெள்ளைப் பசை. மாற்றிப் போட்டால் பைலட்டுக்குப் புரை.

* பெயின்ட், தின்னர் வேலையெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. குழந்தைகள் கைக்கெட்டாமல்.

* கற்பனை வெர்ஷன் என்றால் முதலில் ஒரு தாளில் நாலு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். எந்த நாடு? எதற்காக? எவ்வளவு எடை? உள்ளே யார்?

கடைசிக் கேள்வியை முதலில் எழுதினால் இன்னும் உத்தமம்.

இப்போது ஷோகேஸில் இருக்கிற ஹெலிகாப்டர், முன்னே மாதிரி முறைப்பதில்லை. வருகிறவர்கள், "மிலிட்டரின்னீங்க, ராக்கெட்டே காணோமே?" என்கிறார்கள். கழற்றிய ஏவுகணைகள் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கின்றன. கேட்பவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறேன்.

மாடி வீட்டுப் பெரியவர் அடுத்த மாதச் சந்தாவுக்கு வந்தபோது ரொம்ப நேரம் அதையே பார்த்தார். திருப்பி ஒட்டிய விசிறியை விரலால் மெதுவாகச் சுற்றிவிட்டார். பிறகு, "ம்... இது எழும்பும்" என்றார்.

எனக்கு இன்க்ரிமென்ட் வந்த அன்றைக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.